டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னது

அந்தத் தண்ணீரைக் கலக்கியவன் நான்தான். இருபது வருடமாக இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம். மரக்காணத்தில் எங்கள் ஓட்டக் குழுவில் ஒன்பது பேர்: உப்பளத்து ஆட்கள், மீனவர்கள், ரிட்டயர்டு வாத்தியாரான நான். நான் ஓடமாட்டேன், சைக்கிளில் கூடவே போவேன். சென்னையில் நடந்த அரை மாரத்தானுக்கு மற்ற எட்டுப் பேருக்கும் நானே பெயர் கொடுத்தேன்.

வியர்வையில் போகிற உப்பைத் தண்ணீரில் கலந்து ஈடுகட்டலாம் என்று எங்கோ படித்திருந்தேன். முந்தின நாள் மத்தியானம் உப்பளத்து வரப்பிலேயே ஒரு கேனில் கலக்கினேன். அளவு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களை ருசி பார்க்கச் சொன்னேன்.

“ஒண்ணுமே தெரியல சார், இன்னும் போடுங்க” என்றார்கள்.

இரண்டு கை அள்ளிப் போட்டேன். நானும் குடித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. காலையிலிருந்து அந்தக் காற்றில் நின்றவர்கள் நாங்கள். உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அந்த நாக்குக்கு என்ன தெரியும்?

மறுநாள் விடியற்காலை, ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தேன். மீனவர் ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார்.

“சார், இதுக்குக் கடல்லயே மொண்டு குடுத்திருக்கலாமே!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “படிச்சவன் சொல்றதைக் கேளுங்கப்பா” என்றேன். அவர்கள் எனக்குத் தெரியாமல் கீழே ஊற்றிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. உப்பள மேஸ்திரி மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தார். குழுவிலேயே வேகமானவர் அவர். பதினைந்தாவது கிலோமீட்டரில் நான் நீட்டிய இன்னொரு பாட்டிலையும் குடித்துவிட்டு ஓடினார்.

ஓட்டம் முடியும் இடத்துக்கு ஏழு பேர் வந்துவிட்டார்கள். அவர் வரவில்லை. மைக்கில் அவருடைய எண்ணைச் சொல்லி, கூட வந்தவர்களை மருத்துவக் கூடாரத்துக்குக் கூப்பிட்டார்கள்.

கட்டிலில் கிடந்தார். சட்டையெல்லாம் வாந்தி. “தண்ணி, தண்ணி” என்று முனகினார். என்னை அடையாளம் தெரியவில்லை.

“வேர்வைல உப்பு போயிருக்கும்” என்று சொல்லி, இளம் டாக்டர் ஒருவர் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொன்னார். “காலையில என்ன குடிச்சாரு?”

“வெறும் தண்ணிங்க” என்றேன்.

ஒரு டம்ளர் உள்ளே போனது. இரண்டாவதைக் கலக்கினார்கள். அவருடைய கை வெட்டி வெட்டி இழுத்தது. நம்மால் ஒரு உயிர் போகிறது என்று தெரிந்தது. எங்கள் ஆட்கள் ஏழு பேரும் சுற்றி நின்றார்கள். இரண்டாவது டம்ளர் அவர் உதட்டில் படும்போதுதான், காலையில் கொடுத்தது உப்புத் தண்ணீர் என்று சொன்னேன். அவர்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில் சொன்னேன்.

டாக்டர் டம்ளரைப் பிடுங்கினார். என்னைத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி, பிழைத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்: “உங்க பேரைக் கெடுத்துட்டேன் சார். என் ஒடம்புல தெம்பில்ல. மன்னிச்சுக்கங்க.”

“வெயில்பா. யாருக்கும் வரும்” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஓடவில்லை. குழுவில் கூப்பிட்டால், “நமக்கு அந்த ஒடம்பு இல்லப்பா” என்பார். அவர் அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.