அவளிடம் சொல்ல வேண்டியவை

பெங்களூரில் ஓசூர் பஸ் ஏறியபோது பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. சுடிதாருக்குக் கீழே தேய்ந்த பூட்ஸ், மடியில் பெரிய முதுகுப்பை. பஸ் நெரிசலில் நின்றபோதெல்லாம் இறங்கி நடக்கப்போகிறவர் போல எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

“எங்கக்கா போயிட்டு வர்றீங்க?”

“ஸ்பெயின்ல பாதயாத்திரை மாதிரி நடக்கப் போனேன் கண்ணு. ஒரு மாசத்துக்கு மேல, தனியா.”

“பயமா இல்லையா?”

“எம்பொண்ணு போகணும்னு ஆசைப்பட்டுக்கிட்டே இருந்தா. போன வருசம் செத்துப்போயிட்டா. அதான் நான் போனேன்.”

“இப்ப மனசு கொஞ்சம் லேசாச்சாக்கா?”

ஓசூருக்குச் சற்று முன்னால், ஜூஜுவாடியைத் தாண்டிக்கொண்டிருந்தோம். வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன.

“அவகிட்ட இதச் சொல்லணும், அதச் சொல்லணும்னு சேத்து வெச்சுக்கிட்டே நடந்தேன். அவ வீட்ல இருக்கற மாதிரியேதான் இருந்துச்சு. ஊரு வந்துடுச்சு. இப்பத்தான் இல்லைன்னு தெரியுது.”

ஓசூரில் இறங்கியதும், ஆட்டோ பிடித்துத் தரவா என்று கேட்டேன்.

“வேணாம், நீ போ. வீட்டுக்கு என்ன அவசரம்” என்று பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்.

டவுன் பஸ்ஸிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தார். அன்று அவர் வீட்டுக்குப் போனாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.