வேர் ஒரு வண்டி, காளான் ஒரு வண்டி

தெந்த்ராரா பாலைவெளியில் ஹ்னியா அக்காவுக்குத் தெரியாத மண் கிடையாது. மஞ்சள் பூச்செடிக்குப் பக்கத்தில் தரை லேசாக வெடித்திருந்தால் போதும், குச்சியால் கிளறி நிலக்காளானை எடுத்துவிடுவாள். ஒவ்வொரு செடியடியிலும் முதலில் கண்டதை மட்டும் தொடாமல் மூடிவிடுவாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் அவளைத் தேடி வருவார்கள். செடி ஆராயும் இத்ரீசி நான் ஓட்டும் வண்டியில், காளான் ஆராயும் வஃபா அம்மா வேறு வண்டியில். வேறு வேறு துறை, பேச்சு வார்த்தை கிடையாது. அவர் வேரைப் பளிச்சென்று கழுவிச் செடியைத் தொட்டியில் நட்டார். அந்தம்மா காளானைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தார். மூன்று வருஷமாக இரண்டுமே தேறவில்லை.

"ஏன்க்கா எங்ககிட்ட காளான் வரமாட்டேங்குது?" என்று இத்ரீசி கேட்டார்.

"பொண்ணை ஒரு வண்டியில, மாப்பிள்ளையை ஒரு வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டு, புள்ளை எங்கன்னு என்னைக் கேக்குறீங்களே! இந்தச் செடி இல்லாத இடத்துல இது முளைச்சு நான் பார்த்ததே இல்ல. இதுல வேரைக் கழுவுறாராம்!"

மண்கட்டியோடு ஒரு செடியை அவர் கையில் திணித்து, அவரை வஃபாவின் வண்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். வழியெல்லாம் இவர் வேர் காளானுக்கு ஊட்டுவதைச் சொல்ல, அந்தம்மா காளான் வேருக்குத் தண்ணீர் தேடுவதைச் சொன்னாராம்.

இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் செடியை மண்கட்டியோடு நட்ட தொட்டியில், இந்த வசந்தத்தில் மண் வெடித்தது. காலியாகக் கிடந்த என் வண்டியில் அக்காவைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு பேரும் குச்சியோடு பாய்ந்தார்கள். அக்கா இருவர் கையையும் தட்டிவிட்டு வெடிப்பை மூடினாள்.

"முதல்ல வந்தது செடிக்கு."