பெட்டை நாயின் கண்ணும் என் மகளின் கல்யாணமும்

தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் பெட்டை நாயைச் சினைக்கு விடுவதற்கு முன் அதன் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று துரை சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுபதுகளின் கடைசி அது. பங்களாச் சமையலும் என் தலையில், நாயும் என் தலையில். ஈப்போ டவுனுக்குக் கூட்டிப்போகும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது. மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் அந்த லேப்ரடார் என் மடியிலேயே வாந்தி எடுத்தது. "நாய்க்கு வந்த வாழ்வப் பாருங்க" என்று டிரைவரிடம் அலுத்துக்கொண்டேன்.

மிருக டாக்டர் தமிழர். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அறையை இருட்டாக்கி, சின்ன விளக்கால் வெகுநேரம் பார்த்தார்.

"பொழுது சாஞ்சா தடுமாறுதாம்மா?"

தடுமாறத்தான் செய்தது. கொஞ்ச நாளாகவே இருட்டியதும் பங்களாப் படியில் கால் வைக்காமல் நின்றுவிடும். சோம்பேறி என்று நான் திட்டுவேன்.

"முதல்ல ராத்திரி பார்வை போகும், அப்புறம் பகல்லயும் போயிடும். இது பரம்பரையா வர்றது, மருந்து கிடையாது. துரை பார்த்து வெச்சிருக்கிற ஆண் நாயும் இதுக்குச் சொந்தம்தானே? சொந்தத்துல சேர்த்தா குட்டிகளுக்கும் வந்துடலாம். வேணாம்னு சொல்லிடுங்க."

திரும்பும் வழியெல்லாம் எனக்கு வீட்டு நினைப்புதான். இருட்டியதும் படியில் நின்றுவிடும் ஆள் ஒருவர் என் வீட்டிலும் இருந்தார். என் கணவர். தேயிலை ஃபேக்டரியில் வேலை. சாயங்காலமானால் நான் ஃபேக்டரி வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். என் தோளில் கை வைத்துத்தான் லயத்து வீட்டுக்கு நடந்து வருவார். மாலைக்கண் என்றோம். கீரை, ஈரல், யார் எது சொன்னாலும் தின்று தின்று சலித்துப்போனார். அவர் என் சொந்த அத்தை மகன். என் அண்ணனும் அப்படித்தான், பொழுது சாய்ந்தால் டார்ச்லைட் இல்லாமல் அசைய மாட்டார். அந்த அண்ணன் மகனுக்குத்தான் என் மகளைக் கொடுப்பதாகப் பேச்சு.

நாயின் சம்பந்தத்தைத் துரை ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவிலிருந்து வெற்றிலைத் தட்டோடு வந்தார். ரெண்டு பிள்ளைகளையும் முதலில் கண் டாக்டரிடம் காட்டலாம் என்றேன். ஏன் என்று கேட்டார். நாயின் கதையைச் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கள நாயோட சேத்துட்டியா? பங்களா சோறு தின்னு ஒனக்கும் துரை புத்தி வந்துருச்சு. பத்துப் பொருத்தமும் பாத்தாச்சு. இன்னும் என்னா பாக்கணும்?"

"கண்ணப் பாக்கலியேண்ணே."

தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமே, அந்த அவசரம் வேறு. அதற்குப் பிறகு அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை. என் மகள் காப்பிக் கிளாசுகளைக் கழுவினாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்ததா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

அவ்வளவு நேரமும் என் கணவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பனி இறங்கி மலை மறைந்த பிறகு கேட்டார்.

"அப்பவே ஒங்க வீட்டுல என் கண்ணப் பாத்திருந்தா, ஒன்ன எனக்குக் குடுத்திருப்பாங்களா புள்ள?"

காலையிலிருந்து நின்ற கால். பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும்.

"குடுத்திருக்க மாட்டாங்க, மாமா."

தலையை ஆட்டினார். வெளியே இருந்த குளியலறைக்குப் போக எழுந்து, வழக்கம்போலப் படியில் வந்து நின்றார். நான் ஒரு படி இறங்கி அவருக்கு முன்னால் நின்றேன். அன்றைக்கு அவர் கை என் தோளுக்கு வர வெகு நேரமானது.