கரடிமொட்டையில் வைத்த சீசன் அட்டை

பிலோமினா அக்கா இறந்துவிட்ட செய்தியை அவருடைய தங்கைதான் போனில் சொன்னார். காலை நேரம், தாம்பரம் ஸ்டேஷன். பீச் ரயில் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. "குமாரு, அக்கா போயிட்டா. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றார். அந்த ரயிலை விட்டேன். அடுத்ததையும் விட்டேன்.

முடிச்சூரில் அடக்கம் முடிந்து வீடு திரும்பினால், இரங்கல் கூட்ட அழைப்பு வந்து கிடந்தது. அனுப்பியவர் நம் மலையேற்றக் குழுவின் தலைவர் சபாபதி சார். 'கரடிமொட்டைச் சிகரத்தில் என்னுடன் முதன்முதலாகக் கால் பதித்த வீராங்கனை' என்று அக்காவைப் புகழ்ந்திருந்தார். படித்ததும் அழுகை நின்றுவிட்டது. அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், குழு நண்பர்களே. நல்லதாகத்தான் எழுதப்போகிறேன். எல்லோருக்கும் நல்லதாக இருக்குமா என்பது எனக்குத் தெரியாது.

எண்பத்தைந்தில் கரடிமொட்டைக்குப் போனது மூன்றே பேர். மூவரும் ஒரே ஆபீஸ். சபாபதி சார் சூப்பரின்டென்டென்ட், அக்கா டைப்பிஸ்ட், நான் வேலை நிரந்தரமாகாத குமாஸ்தா. லாரித் தடம் முடிந்த இடத்துக்கு மேல் பாதை கிடையாது. குத்தகைக்கு எடுத்தவர்கள் மரங்களை வெட்டி இறக்கிவிட்டு, வேண்டாத கிளைகளை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதன்மேல் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தது. தரை என்று நம்பிக் கால் வைத்தால் இடுப்புவரை உள்ளே போகும். தம்பியின் காக்கி பேண்ட்டை மாட்டிக்கொண்டு அக்காதான் முன்னால் போனார். "அடிக்கட்டை இருக்கிற வரைக்கும் எவனோ வந்திருக்கான், குமாரு. கட்டை முடியற எடத்துலதான் மலையே ஆரம்பிக்குது" என்றார்.

மதியம் ஒரு மேட்டில் ஏறினோம். சபாபதி சார் அதையே உச்சி என்று சொல்லிவிட்டார். கேமராவை என்னிடம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார், புளியோதரையைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார். எதிரே, ஒரு பள்ளம் தாண்டி, இன்னும் உயரமாக நின்றது நிஜமான கரடிமொட்டை. அக்காவும் நானும் மட்டும் போனோம். ஒன்றரை மணி நேரம் முள்ளோடு மல்லுக்கட்டி மேலே ஏறினோம். அங்கே ஒரு கட்டைகூட இல்லை. பெயர் எழுதி வைக்கலாம் என்றால் பேனா இல்லை. அக்கா தன் ரயில் சீசனுக்கான அடையாள அட்டையை எடுத்தார். "பேரு, படம், கையெழுத்து எல்லாம் இதுலயே கீதே" என்று பவுடர் டப்பாவில் போட்டு மூடி, மேலே கல்லை அடுக்கினார். மறுநாள் தாம்பரத்தில் டிக்கெட் பரிசோதகர் அட்டை எங்கே என்று கேட்டார். "மலை உச்சில கீது சார்" என்றார் அக்கா. அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள்.

அந்த வாரமே குழுவின் செய்தி மடலுக்குச் சபாபதி சார் கட்டுரை எழுதினார். சிகரத்தைத் தனியாக அடைந்தாராம். அக்கா கணுக்கால் சுளுக்கிக் கீழேயே உட்கார்ந்துவிட்டாராம், நான் துணைக்கு இருந்தேனாம். அதை ஸ்டென்சிலில் அடிக்கக் கொடுத்தது யாரிடம் தெரியுமா? அக்காவிடமே. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தார். ஆபீஸ் போர்டில் சாரின் படமும் தொங்கியது. அவர் காலடியில் வெட்டிய மரத்தின் கட்டை பளிச்சென்று தெரிந்தது. வேலைக்குப் பயந்து நான் வாயைத் திறக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது. "ஏங்க்கா சும்மா இருக்கீங்க?" என்று அக்காவை மட்டும் கேட்டேன். "இப்ப சொன்னா வெறும் சண்டை. டப்பாவை அவரே தொறக்கட்டும்" என்றார். சிரிக்கவில்லை.

பத்து வருடம் காத்திருந்தார். தொண்ணூற்றைந்தில், முதல் ஏற்றத்தின் பத்தாம் ஆண்டு என்று சபாபதி சார் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். உச்சியில் நடுவதற்குத் தன் பெயர் எழுதிய தகரப் பலகை வேறு. பழைய மேட்டில் நின்று "இதான் உச்சி" என்று அவர் ஆரம்பித்ததும், அக்கா சத்தமாகவே கேட்டார்: "இன்னும் ஒரு பள்ளம் கீதே சார். ஏறின வழியே மறந்துட்டீங்களா?" இருபது ஜோடிக் கண்கள் சாரைப் பார்த்தன. நடந்தார். முதல்முறை இறங்கும்போது நாங்கள் கண்டுபிடித்த சுலபமான பாறை வழி இடப்பக்கம் இருந்தது. அக்கா வலப்பக்கம், முள்ளுக்குள் திரும்பினார். எனக்குத் தெரியும். இந்த முறையும் வாயைத் திறக்கவில்லை, இதற்காக எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது சாரின் சட்டை கிழிந்திருந்தது, முழங்கையில் ரத்தம். அக்கா கல்லை விலக்கி டப்பாவை அவர் கையில் கொடுத்தார். "முதல்ல வந்தது நீங்கதானே சார், தொறங்க." திறந்தார். "என்ன சார், யார் பேரு?" என்று நாலு பேர் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் சத்தமாகப் படித்தார். "எம். பிலோமினா. தாம்பரம் டு பீச்."

"கணுக்கால் இப்ப தேவலாம் சார்" என்றார் அக்கா.

அதன் பிறகும் மடலில் ஒரு வரித் திருத்தம் வரவில்லை, மன்னிப்பும் வரவில்லை. அக்காவின் கண் மூடியதும் 'என்னுடன்' என்ற ஒரு வார்த்தையால் மறுபடி உச்சிக்கு ஏறப் பார்க்கிறார். அன்று டப்பாவைத் திறந்துவிட்டு இறங்கும்போது அந்த அட்டையை அக்கா என் சட்டைப் பையில் வைத்தார். "நீ வெச்சிக்கோ. தேவைப்படும்" என்றார். அவரிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அதுதான். தேவைப்பட்டுவிட்டது.

சபாபதி சார், ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் அக்காவின் படத்தைத் திறந்து வைக்கப்போவது நீங்கள். படத்தைத் தயார் செய்யும்படி அக்கா வீட்டார் என்னிடம் சொல்லியிருந்தார்கள். அந்த அட்டையையே பெரிதாக்கிச் சட்டம் போட்டுவிட்டேன், டப்பாவின் துருக்கறையோடு. நெற்றிக்கு நேராகக் கறை விழுந்திருக்கிறது, ஆனால் பெயர் நன்றாகத் தெரிகிறது. போன முறை மாதிரியே சத்தமாகப் படியுங்கள் சார். நான் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.