புதன்கிழமை காலை ஆறரை மணி

தாத்தா இறந்தபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். கணக்கில் வகுப்புக்கே முதல். சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் இதை அறியாதவர் யாராவது இருந்திருந்தால் அது என் குற்றமல்ல.

தாத்தாவுக்கு ஒரே மகள், என் அத்தை. தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு சிகாகோவுக்குப் போய்விட்டவர். அன்றிலிருந்து பெரியப்பா அவரோடு பேசுவதில்லை. தாத்தா மட்டும் மாதம் ஒரு கடிதம் எழுதுவார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாத்தா போனார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அத்தை போனில் அப்பாவிடம் பேசினார். "இப்ப ஏறப் போறேனுங்கண்ணா. ரெண்டு எடத்துல பிளைட் மாறோணும். நான் வந்து பாக்கற வரைக்கும் அப்பாவை எடுத்துராதீங்க." எத்தனை மணிக்கு வந்து சேருவார் என்று அப்பா கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

தாத்தாவைச் சுற்றி ஐஸ் கட்டிகள் உருகிக்கொண்டிருந்தன. பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் கணக்குல புலியாச்சே அம்மணி. அங்கிருந்து இங்க வர எத்தனை மணி நேரமாகும்? பார்த்துச் சொல்லு."

ஊர்ப் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பள்ளிக்கூட அட்லஸை விரித்தேன். சிகாகோவிலிருந்து கோவைக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்து ஸ்கேலில் அளந்தேன். பதினெட்டாயிரம் கிலோமீட்டர் வந்தது. விமானம் வடக்கே வளைந்து போகும், அதுதான் குறுக்குவழி என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மணிக்கு எண்ணூறு என்று வகுத்தேன். மாறுவதற்கு இரண்டு இடத்திலும் அரை அரை நாள் சேர்த்தேன். வால்பாறை போகும்போது பொள்ளாச்சியில் பஸ்ஸுக்கு அரை நாள் காத்துக் கிடந்தோமே, விமானத்துக்கு அதற்குக் குறைவாகவா இருக்கும்?

"புதன்கிழமை காலைல ஆறரை மணிங்க பெரியப்பா."

"கேட்டீங்களா? புதன்கிழமை வரைக்கும் எப்படி வெச்சிருக்கறது?" என்று பெரியப்பா எழுந்தார்.

அப்பா தயங்கினார். "ஏனுங்கண்ணா, டிராவல்ஸ் ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப்போடலாமுங்களா?"

"அது எதுக்கு? அதான் புள்ள கணக்குப் போட்டுச் சொல்லிருச்சே."

மில் சாமான் வாங்க மாதம் ஒருமுறை பம்பாய்க்கு விமானத்தில் போய்வருபவர் பெரியப்பா. அவர் என் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சரியாகத் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றுவரை அதை நினைக்காத நாள் குறைவு.

அன்று மாலையே தாத்தாவை எடுத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அத்தை பெட்டியைக்கூட எடுக்காமல் உள்ளே ஓடிவந்தார். கழுவிவிட்ட கூடத்தில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமைதான் வருவாய் என்று நினைத்துவிட்டோம் என்றார் அப்பா. வெகுநேரம் அழுதபிறகு அத்தை கேட்டார். "இன்னொரு நாள் வெச்சிருக்கக் கூடாதா? புதன்கிழமைதான் வருவேன்னு ஆரு சொன்னது?"

பெரியப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

"நாந்தானுங்க அத்தை" என்றேன். நூல், ஸ்கேல், பொள்ளாச்சி பஸ் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார்.

"உம்மேல தப்பில்ல கண்ணு."

என் தலையைத் தடவியபடி, வாசலில் முதுகைக் காட்டி நின்றிருந்த பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கைத் தப்பாகப் போட்ட நான் மடியில் கிடக்க, அத்தை எதற்காக அவரை அப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.