என் காலுக்கு ஒரு சோடி பூட்ஸ்

எனக்குச் சப்பாத்து அமைவது சின்ன வயதிலிருந்தே பெரும்பாடு. முன்பாதம் அகலம், குதிக்கால் ஒடுக்கம். நடுப்பாதம் வில்லாக மேலெழும்பி நிற்க, விரல்கள் எதையோ பற்றிக்கொள்வதுபோலக் கீழே மடங்கியிருக்கும். குளித்துவிட்டு ஈரக்காலோடு நடந்தால் முன்பாதம் ஒரு துண்டாகவும் குதி ஒரு துண்டாகவும் தரையில் பதியும். இடையில் ஒன்றும் இராது.

அப்போது நாங்கள் டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன் அப்பா என்னையும் தம்பியையும் சப்பாத்துக் கடைக்குக் கூட்டிப்போவார். வேறு எதை வாங்குவதென்றாலும் மலிவு விற்பனை வரட்டும் என்று காத்திருக்கிறவர், இதற்கு மட்டும் காத்திருக்கமாட்டார். கடைத்தரையில் முழங்காலில் இருந்து, சப்பாத்தின் நுனியைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார்.

"முட்டுதோ பிள்ளை? முட்டினால் சொல்லு. நல்ல சப்பாத்துப் போட்டால்தான் கால் நல்லா வளரும்."

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தால் நகருக்கு வடக்கே ஒரு பனிமலைக்குக் கூட்டிப்போனார்கள். அம்மா வேண்டாம் என்றா. அப்பா போகட்டும் என்றார். அங்கேதான் முதன்முதலாக ஸ்னோபோர்ட் என்ற பனிச்சறுக்குப் பலகையில் ஏறினேன். நான் சமதரையிலேயே இடறி விழுகிறவள். ஓட்டப்போட்டியில் எப்போதும் கடைசி. ஆனால் கணுக்காலை இறுக்கிப் பிடித்த பூட்ஸுக்குள், இரண்டு கால்களும் பலகையோடு சேர்த்துப் பூட்டப்பட்டு நின்றபோது, என் கால்கள் நான் சொன்னபடி கேட்டன. காலையில் எல்லோரையும்போல விழுந்தெழும்பினேன். மத்தியானத்துக்குப் பிறகு வகுப்பில் என்னை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. அப்படி ஒரு நாள் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை.

பின்னேரம் வாடகைப் பூட்ஸைக் கழற்றியபோது பாதத்தின் மேற்பக்கம் கன்றிப்போயிருந்தது, பெருவிரல் நகம் கறுத்திருந்தது. வீட்டில் காட்டவில்லை. காட்டினால் அடுத்தமுறை விடமாட்டார்கள்.

அதற்குப் பிறகு பனி கொட்டும் மாரி வரும்போதெல்லாம் எப்படியாவது போய்வந்தேன். படித்து முடித்து, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை கிடைத்த பிறகும் போனேன். என்ன பூட்ஸ் போட்டாலும் இரண்டு மணித்தியாலத்துக்குமேல் நிற்க முடியாது. கூட வந்தவர்கள் மலையில் இருக்க, நான் உள்ளே மர வாங்கில் இருந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஏற்ற பூட்ஸ் ஒன்றை ஒழுங்காகத் தேடவேண்டும் என்று நினைத்தது அம்மா புற்றுநோயில் போன பிறகுதான். அப்போது மோர்னிங்சைட் பக்கம் ஒரு வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். தம்பி கல்யாணம் செய்து கல்கரியில் இருந்தான். அப்பா காரின் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை செய்து ஓய்வுபெற்றவர். அம்மாவுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவிர எங்கும் போவதில்லை. ஹைவேயில் ஓட்டப் பயமாயிருக்கிறது, நீங்கள் வாருங்கோ என்று கேட்டேன். உண்மையில் அவரை வீட்டைவிட்டு வெளிக்கிடப் பண்ணத்தான் கேட்டேன்.

அந்த இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் அப்படிப் போயின. வோன், மிசிசாகா, டவுன்டவுன் என்று ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். நான் பூட்ஸுகளைப் போட்டுப் பார்க்க, அப்பா என் குளிர்க்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். அகலத்துக்குச் சரியானதில் குதி உள்ளே கிடந்து ஆடும். குதியைப் பிடிப்பதில் விரல் நெரியும். இரண்டும் சரியென்றால் நடுப்பாதத்தில் கத்தி வைத்ததுபோல அமத்தும். விற்கிற பெடியன்கள் என் வெறுங்காலைக் கண்டதும் முதலில் பூட்ஸையும் காலையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். பிறகு வேறு பெட்டி எடுத்துவரப் போவார்கள்.

ஒருவன் சொன்னான், கொஞ்ச நாள் நோகும், போகப்போகக் கால் பழகிவிடும் என்று.

அப்பா என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "சப்பாத்தெல்லோ காலுக்குப் பழக வேணும்? உவன் என்ன மாறிச் சொல்லுறான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

கடைசியில், நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்த சின்னக் கடையில் காரியம் நடந்தது. என் வயதுப் பெண் ஒருத்திதான் கடைக்காரி. என் காலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். திகைக்கவில்லை. ஆண்களுக்கான அகலப் பூட்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் உள்மெத்தையைக் கழற்றிச் சூடாக்கினாள். என் விரல்களின்மேல் பஞ்சுத்துண்டுகளை வைத்து, அது ஆறும்வரை அதற்குள் என்னை நிற்கச் சொன்னாள். பிறகு குதியைச் சுற்றி உள்ளே திண்டு ஒட்டினாள். மேலே இடிக்கிற இடத்தைச் சுரண்டினாள். மறுகிழமையும் வரச்சொல்லி, திரும்பவும் கொஞ்சம் சுரண்டினாள்.

போட்டுக்கொண்டு எழும்பி நின்றேன். நோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"என்ன, சரியோ?" அப்பா கேட்டார்.

"ஓம் அப்பா."

"வடிவாப் பார்த்துச் சொல்லு. மேலை அமத்துதோ?"

"இல்லை. ஒண்டும் செய்யேல்லை."

அவர் எழும்பிவந்து, இந்த வயதிலும் குனிந்து, பூட்ஸின் நுனியைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

அந்த மாரி முழுவதும் போனோம். நான் மலையில், அப்பா கீழே கண்ணாடி யன்னலுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிப் போத்தலோடு. காலையிலிருந்து, மலைக்கு ஏற்றிவிடும் லிஃப்ட் நிற்கும்வரை ஏறி ஏறி இறங்கினேன். பூட்ஸ் என்று ஒன்று காலில் இருப்பதே மறந்துபோனது. ஒருநாள் அப்பா வெளியே வந்து வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போனதும், "நீ நடக்கிறதைவிட உதிலை வடிவா வாறாய்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார்.

விழுந்தது மலையில் அல்ல. மார்ச் மாதத்தில் ஒருநாள், எல்லாம் முடிந்து சாதாரணச் சப்பாத்தோடு காருக்கு நடந்து வந்தபோது, தடுக்க ஒன்றுமில்லாத கார்த்தரிப்பிடத்தில் இடது கால் மடிந்து விழுந்தேன். கணுக்கால் வீங்கிவிட்டது. வீக்கம் வற்றிய பிறகும் காலில் பலம் திரும்பவில்லை என்று குடும்ப மருத்துவரிடம் போனேன். அப்பாவும் கூட வந்து உள்ளே இருந்தார்.

மருத்துவர் என்னைக் குதிக்காலால் நடந்து காட்டச் சொன்னார். சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்கு நடப்பதுபோல, முன்பாதத்தைத் தூக்கி, குதியால் மட்டும். சிரித்துக்கொண்டே தொடங்கினேன். முன்பாதம் எழும்பவில்லை. இரண்டு காலிலும் எழும்பவில்லை. பூட்ஸுக்குள் அது எழும்பத் தேவையிருக்கவில்லை. பூட்ஸ் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டில் வேறு யாருக்கும் இப்படிக் கால் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என்னைப் பார்க்காமல் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். பிறகு சொக்ஸைக் கழற்றினார்.

என் அப்பாவின் வெறுங்காலை நான் அதற்குமுன் பார்த்ததேயில்லை. கோடையிலும் வீட்டுக்குள்ளும் சொக்ஸோடுதான் இருப்பார். குளிர் உடம்பு என்று அம்மா சொல்லுவா. பெரிய வியாழனில் சுவாமியார் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஒருவராக வந்து இருங்கோ அண்ணை என்று கோயிலில் எத்தனையோ முறை கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் வேலை என்று சாட்டுச் சொல்லி மறுத்திருக்கிறார். அன்று மருத்துவரின் அறையில் நான் கண்டது என்னுடைய கால்களைத்தான். இன்னும் நாற்பது வருடம் நடந்த என் கால்கள். வில் இன்னும் வளைந்து, விரல்கள் இன்னும் மடங்கி, முழங்காலுக்குக் கீழே சதை வற்றிப்போய்.

"உப்பிடித்தான் எனக்கும்" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

நரம்பு மருத்துவர், இரத்தப் பரிசோதனை என்று கோடை போனது. பரம்பரையாக வரும் நரம்பு வருத்தம். கால்களுக்குப் போகும் நரம்புகள் மெல்ல மெல்லப் பழுதாகும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் மருந்தும் இல்லை. அதைக் கண்டுபிடித்த மூன்று மருத்துவர்களின் பெயரை ஒன்றாகச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசிப் பெயர் ஆங்கிலத்தில் பல் என்று பொருள் தரும்.

"கால் வருத்தத்துக்கு ஏன் பிள்ளை பல்லெண்டு பேர் வைச்சவங்கள்?" என்று காரில் கேட்டார் அப்பா. விளக்கினேன். தலையாட்டினார்.

அடுத்த நாள் காலையில் நான் குசினியில் பாண் துண்டுகளை வாட்டிக்கொண்டு நின்றேன். அப்பா மேசையில் இருந்தபடி, நான் கேட்காமலே சொன்னார்.

"நான் சின்னனிலை சப்பாத்தில்லாமல் திரிஞ்சதாலை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன். பதினாறு பதினேழு வயசு மட்டும் வெறுங்கால். கல்லு, முள்ளு, சுடுமணல் எல்லாம் மிதிச்சுக் கால் உப்பிடிப் போச்சுது எண்டு. உன்ர கால் கொஞ்சம் வளையத் தொடங்கேக்கை பயந்திட்டன். அதுதான் நல்ல சப்பாத்தாப் பார்த்துப் பார்த்து வாங்கினது."

"தெரியும் அப்பா."

"சப்பாத்தாலை மறிக்கேலாதாம்."

"அப்பா, நீங்கள் என்ன செய்யிறது? உங்களுக்குத் தெரியுமே?"

"என்ர தானே பிள்ளை உனக்கு வந்தது" என்றார். பாண் கருகியதை இருவரும் பிறகுதான் கவனித்தோம்.

தம்பிக்குச் சொல்லவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவனுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; அவனுக்கு அப்போது ஒரு கைக்குழந்தை. சொல்வது என் வேலை என்றேன். இல்லை, நான்தான் சொல்லவேணும் என்று அப்பா தொலைபேசியை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பின்னேரம் தம்பி எனக்கு எடுத்தான்.

"அக்கா, I'm not doing the test. தெரிஞ்சு என்ன செய்யிறது?" என்றான். கோபமில்லை, களைத்த குரல். நான் வற்புறுத்தவில்லை.

அடுத்த மாரிக்குள் எனக்கு முழங்காலுக்குக் கீழே பின்புறமாக இறங்கிப் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை தந்துவிட்டார்கள். அது பூட்ஸுக்குள் போகவில்லை. அந்தக் கடைப்பெண்ணிடம் கொண்டுபோனேன். ஒரு பின்னேரம் முழுக்க முயன்றுபார்த்துவிட்டு, இரண்டுக்கும் உள்ளே இடமில்லை என்று மெதுவாகச் சொன்னாள். பட்டையில்லாமல் பூட்ஸோடு மட்டும் ஒருதடவை போய்ப்பார்ப்போம் என்று ஜனவரியில் மலைக்குப் போனேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. காரை எடுத்துவந்து வாசலில் நிறுத்தினார்.

பாதி மலையில், பலகையின் விளிம்பைப் பனியில் பிடிக்கக் கால்களுக்குப் பலம் போதவில்லை. பலகை வழுக்கிக்கொண்டே போனது. தொடை நடுங்கியது. விழுமுன் நானே குந்திவிட்டேன். எழும்ப முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள். மீட்புக்காரர் இருவர் வந்து, என்னைச் சறுக்குவண்டியில் கிடத்தி, போர்வையால் மூடிக் கீழே கொண்டுவந்தார்கள்.

அப்பா வேலியைத் தாண்டி வந்து நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"விழுந்தனியோ? எங்கை அடி?"

"விழேல்லை அப்பா. ஏலாமல் போட்டுது. அவ்வளவுதான்."

காரின் கதவைத் திறந்துவைத்து என்னை இருத்தி, பனியில் நின்றபடி என் பூட்ஸின் கயிறுகளை அவரே தளர்த்தினார். விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. அவருடைய கைகளும் இப்போது முன்போல் இல்லை. கனநேரம் எடுத்தது. நான் தடுக்காமல் அவரையே செய்ய விட்டேன்.

"நோகுதோ?"

"இல்லை அப்பா. பூட்ஸ் நல்லாத்தான் இருக்கு."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அப்பா பூட்ஸ் இரண்டையும் தட்டிப் பனியை உதிர்த்து, பின்சீட்டில் வைத்துவிட்டு, காரைச் சுற்றி மெல்ல நடந்துவந்து ஏறினார். ஹைவே முழுக்க நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் எனக்குத் தாங்கியிராது.

பலகையை றிச்மண்ட் ஹில்லில் இருந்து வந்த ஒரு மாணவி வாங்கிப்போனாள். பூட்ஸை யாருக்கும் விற்க முடியாது. அதன் உள்வடிவம் என் கால். கடைப்பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தேன், பாகங்களாவது உதவட்டும் என்று. அவள் வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, என் கையைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பட்டையோடு நடக்கிறேன். முன்னைவிடக் குறைவாகத்தான் விழுகிறேன். அப்பாவுக்கும் தருகிறோம் என்றார்கள். இனி எனக்கெதுக்கு என்று பொல்லை ஊன்றி நடக்கிறார்.

போன நத்தார்ப் பண்டிகைக்குத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். சோபாவைப் பிடித்துக்கொண்டு, விட்டு, இரண்டடி வைத்து, பொத்தென்று இருந்து சிரித்தாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் விழும். தம்பியின் மனைவி கைதட்டினாள். அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை மறுபடி எழும்பி, மறுபடி விழுந்தாள். அப்பா பொல்லை ஊன்றி எழும்பி, தேத்தண்ணி வைக்கப்போகிறேன் என்று குசினிக்குள் போனார். தம்பி என்னைப் பார்த்தான். நான் பிள்ளையிடம் கைகளை நீட்டி, "வாங்கோ, மாமியிட்டை வாங்கோ" என்று கூப்பிட்டேன்.