அண்ணன் கொண்டுபோய் வைத்த பெட்டி

ஒரே நாளில் இரண்டு வீட்டுக்காரர்கள் எங்கள் சங்கத்தின் குளிர்பெட்டியைக் கேட்டு வரமாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். ராஜபாளையத்தின் ஜனத்தொகை தெரிந்த எவனும் நம்பக்கூடிய விஷயம் இல்லை. நம்பியதோடு நிற்காமல், கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லவும் செய்தேன். முதலாமாண்டு நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி எழுதச் சொல்லி மதினி கேட்டபோது, இதைச் சொல்லாமல் எழுத முடியாது என்றேன். "எழுதுங்க தம்பி. ஆனா சிரிப்புக் காட்டாதீக," என்றார். சிரிப்புக் காட்டும் தெம்பும் இப்போது அவ்வளவாக இல்லை.

அண்ணன் பிறந்தது கான்சாபுரத்தில். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. படிப்பை நிறுத்திவிட்டு ராஜபாளையம் வந்து, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் அதே தெருவில் சொந்தமாகக் கடை வைத்தார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். நான் அங்கே கற்றுக்கொண்டது மிமிக்ரி மட்டும்தான் என்பது அவருடைய குற்றமில்லை.

நாற்பது வயதுக்கு மேல்தான் சேவைச் சங்கத்தில் சேர்ந்தார். என்னையும் இழுத்துப் போட்டார். மாதம் இரண்டு சனிக்கிழமை, மாலை ஏழு மணி, கல்யாண மண்டபத்து மாடி. தலைவர் மணியைத் தட்டுவார். கடவுள் வாழ்த்து, போன கூட்டத்தின் அறிக்கை, பிறகு சேவைப் பணிகள். கண் முகாம் நடத்தினோம். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு கொடுத்தோம். அய்யனார் கோவிலுக்குப் போகிற சாலையில் மரக்கன்று நட்டோம். அதை ஆடு மேய்ந்ததை அறிக்கையில் சேர்க்கவில்லை. இதற்கெல்லாம் கை தூக்க ஆள் உண்டு, போட்டோவும் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை, "குளிர்பெட்டிப் பொறுப்பு யாருக்கு?" என்று தலைவர் கேட்பார். அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் கீழே பரிமாறும் சாம்பார் வாசம் வந்துவிடும். அண்ணனின் கை மட்டும் மேலே இருக்கும்.

பதினோரு வருஷம் அப்படித்தான். வெளியூர்ச் சொந்தங்கள் வந்து சேரும்வரை இறந்தவரை வைத்திருக்கும் அந்தக் கண்ணாடி மூடிப் பெட்டியை, போன் வந்ததும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவரே போவார். கம்ப்ரசர் மக்கர் செய்தால் அவரே பிரித்து மாட்டுவார். "வர வேண்டிய ஆளு வந்து மொகம் பாத்து, போதும்னு அவியளே சொல்லணும். அதுக்கு முந்திப் பெட்டியில கை வைக்கப்படாது," என்பார்.

கடைசி வருஷம் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இன்னொரு பெட்டி வாங்கி ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்தால் அலைச்சல் குறையும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டார். நான் எழுந்தேன்.

"தலைவரே, ஒரே நாள்ல ரெண்டு பேரு போறதா இருந்தா மொதல்ல சங்கத்துக்கு மனு குடுக்கட்டும். பொறவு பெட்டி வாங்குவோம்."

மண்டபமே சிரித்தது. தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. அண்ணனும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில், "பெட்டி கெடக்கட்டும்ல, ஒன் வாய்க்கு ஒரு மூடி வாங்கணும்," என்றார்.

சித்திரை வெயில் கொளுத்திய நாட்களில் ஒன்று. காலை ஆறரை மணிக்கு அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். அவருடைய ஒரே மகள், எங்கள் பாப்பா, மஸ்கட்டில் இருந்தாள். மறுநாள் காலையில்தான் வந்து சேர முடியும்.

"சித்தப்பா, நான் வார வரைக்கும் அப்பாவ வச்சிருங்க," என்றாள் போனில்.

"வச்சிருக்கேம்மா, நீ வா," என்றேன்.

உடனே பெட்டிக்கான எண்ணை அழைத்தேன். ஆணியில் மாட்டியிருந்த அண்ணனின் சட்டைப் பைக்குள்ளிருந்து மணி அடித்தது. தலைமாட்டில் இருந்த மதினி நிமிர்ந்து பார்த்து, "தம்பி, யாருக்கோ பெட்டி வேணும் போல. எடுத்துப் பேசுங்க," என்றார். எடுத்து, "அலோ" என்றேன். அழைத்ததும் நான், எடுத்ததும் நான். இரண்டு காதிலும் என் மூச்சுதான் கேட்டது.

அதே பையில் விலாசம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு வந்திருக்கிறார். வேறு இடங்களில் விசாரித்தோம். எங்கும் கிடைக்கவில்லை. வண்டியை எடுத்தேன். எப்படிக் கேட்பது, அழுவதா, சங்கத்தின் பெயரைச் சொல்லி அதட்டுவதா என்று வழி முழுக்க ஒத்திகை. அந்த வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு என்று தெரிந்தது. ஒன்று மதினியுடையது.

பெட்டிக்குள் ஒரு பெரியவர். பட்டாளத்தில் இருக்கும் மகனுக்காகக் காத்திருந்தார்கள். பெரியவரின் மனைவி எழுந்து வந்தார்.

"சங்கத்து ஆளா? நேத்து வந்த அண்ணாச்சி வரலியா? மூச்சு வாங்க வாங்கத் தூக்கி வச்சாக. ஒரு செம்பு தண்ணி குடிச்சுட்டு, மகன் வார வரைக்கும் இது இங்கதான் இருக்கும் தாயின்னு சொல்லிட்டுப் போனாக."

"அவியளுக்கு வேற சோலிம்மா," என்றேன். "சரியா ஓடுதான்னு பாத்துட்டு வரச் சொன்னாக."

குனிந்து, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கம்ப்ரசர் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டேன். "நல்லா ஓடுதும்மா," என்றேன். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் பெரிய மனசோடு திரும்பியதாகச் சொந்தக்காரர்கள் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கேட்க வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "இந்த வெயிலுக்கு ஐஸ்கட்டி விடியுமட்டும் தாங்காதுப்பா," என்றார்கள். மஸ்கட்டுக்கு மறுபடி போன் செய்து அதைச் சொன்னதும் நான்தான்.

அன்று கேட்காமலே ஐஸ்கட்டி கொண்டுவந்து இறக்கியவர்களுக்கும், பந்தல் போட்ட தெருக்காரர்களுக்கும், கடையை அடைத்துவிட்டு வந்து தோள் கொடுத்த சங்கத்து நண்பர்களுக்கும், இந்த ஓராண்டாக மதினியைத் தனியே விடாத அக்கம்பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெட்டிப் பொறுப்பு இப்போது என்னிடம். ஒரு வருஷத்திலேயே இடுப்பு விட்டுப்போயிற்று. அண்ணன் பதினோரு வருஷம் எப்படிச் செய்தார் என்று தெரியவில்லை. போன் வந்தால் போகிறேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அண்ணனை எடுத்தோம். பாப்பா மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து சேர்ந்தாள்.